வெறும் கமா

அந்த வீட்டில் கீழ்த்தளம் அண்ணனுக்கு, மேல்தளம் தம்பிக்கு. சமையலறை மட்டும் ஒன்றுதான், கீழே. அண்ணன் மனைவியை மாமியார் பெரியவள் என்பார், தம்பி மனைவியைச் சின்னவள் என்பார். அக்கம்பக்கத்திலும் அப்படியே பழகிவிட்டது.

சின்னவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததே பெரியவளால்தான். பெரியவளுக்கு நகரக் குடிநீர் அலுவலகத்தில், கணினிப் பிரிவில் வேலை. அந்த அலுவலகத்துக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு கூட்டத்துக்கு வந்திருந்த பெண், தன் மேலதிகாரியே திணறிய கேள்விக்கு நறுக்கென்று பதில் சொன்னாள். பெரியவளுக்கு அவளை அப்படிப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்த கையோடு கொழுந்தனிடம் பேச்செடுத்ததும், இரண்டு பக்கமும் நடையாய் நடந்து முடித்துவைத்ததும் அவள்தான். பின்னாளில் அதை நினைத்துத்தான் அதிகம் வயிறெரிந்தாள். "கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தவளே நான்தானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாத்திரத்தை டமாரென்று கவிழ்ப்பாள்.

இருவர் வேலையும் ஒரே கம்பியின் இரண்டு முனைகள் மாதிரி. நகரத்தில் குழாய்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான வால்வுகள். எங்காவது பழுது பார்க்க வேண்டுமானால் அந்தத் தெருவின் வால்வை மூட வேண்டும். தினமும் காலையில் பெரியவள் எழுதிய கணினி நிரல், அன்று மூட வேண்டிய வால்வுகளின் எண்களைக் கமா போட்டு வரிசையாக அனுப்பும்: 14,32,107 என்பதுபோல. மறுமுனையில், சின்னவளின் கம்பெனி ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய சர்வீஸ் மென்பொருள் ஒன்று அந்தப் பட்டியலை வாங்கும். கமா இருக்கும் இடத்தில் வெட்டி, ஒவ்வொரு எண்ணாக எடுத்து, அந்தந்த வால்வுக்கு "மூடு" என்று கட்டளை அனுப்பும். ஆள் போய்த் திருக வேண்டிய வேலை இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது பெரியவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏம்மா, ஒரு நாள் ரிப்பேரே இல்லேன்னு வெச்சுக்கோ. அன்னிக்கு என்ன அனுப்பறது? எதுவுமே அனுப்பாம விட்டா உங்க பக்கம் ஆளக் காணோம்னு அலாரம் அடிக்குதே."

சின்னவள் வாயில் சோற்றோடு கையை ஆட்டினாள். "காலிப் பட்டியலா அனுப்பிடுங்க அக்கா. வந்தது, ஒண்ணுமில்ல, சரின்னு போயிடும். ஒண்ணும் ஆகாது."

மாமியார் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். "சாப்பிடறப்பவுமா உங்க ஆபீசு?" என்று அலுத்துக்கொண்டார்.

அந்த நாள் வந்தது. பழுது எதுவும் இல்லாத ஒரு திங்கட்கிழமை. பெரியவளின் நிரல் காலிப் பட்டியலை அனுப்பியது. அந்தச் சர்வீஸிலோ, எண் எதுவும் வராவிட்டால் எல்லா வால்வும் என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி இருந்தது. வால்வுகளின் நிலையைத் திரையில் பார்ப்பதற்காக யாரோ முன்பு எழுதியது. பார்ப்பதற்கு அது சரி. மூடும் வேலைக்கும் அதே வரியை எடுத்து ஒட்டிவிட்டிருந்தார்கள். நகரத்தின் அத்தனை வால்வும் ஒன்றாக மூடிக்கொண்டன.

காலையில் பல் தேய்க்க நின்றவர்கள் வாயில் நுரையோடு நின்றார்கள். பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பின. மருத்துவமனையில் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவு, லாரித் தண்ணீர் வரும்வரை நின்றுபோனது. நல்லவேளையாக யார் உயிரும் போகவில்லை. ஆனால் அடைத்த வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து முடிப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது. அதற்குள் அலுவலக வாசலில் காலிக் குடங்களோடு ஒரு கூட்டமே கூடியிருந்தது.

விசாரணை நடந்தது. பெரியவளின் மேலாளர் எதற்கும் "சரி, சரி" என்பவர். அலுவலகத்தில் அவருக்குச் சரிசரி என்றே பெயர். கம்பெனியிலிருந்து எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஒருவர் வந்தார். சின்னவளின் மேலதிகாரி அவர். கூடவே சின்னவள்.

"காலிப் பட்டியல் அனுப்பலாம்னு இவங்க சொன்னதாலதான் அனுப்பினேன்" என்றாள் பெரியவள்.

சரிசரி சின்னவளைப் பார்த்தார். கோட்டுக்காரரும் பார்த்தார். சின்னவள் மேசையைப் பார்த்தாள்.

"இல்ல சார். அப்படி நான் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல."

பெரியவளுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. தவறாகக் கேட்டுவிட்டோமோ என்றுதான் நினைத்தாள். வீட்டுக்கு வந்து நேரே மாமியாரிடம் போனாள்.

"அத்தை, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. காலியா அனுப்புங்க, ஒண்ணும் ஆகாதுன்னு அவ சொன்னாளா இல்லையா?"

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு உங்க ஆபீசு சமாச்சாரமெல்லாம் என்னடி தெரியும்? என் காதுல ஒண்ணும் விழல."

கணவன் பேப்பரை மடித்தான். "விடு. வீட்டுக்குள்ள வம்பு வேண்டாம். உன்ன வேலைய விட்டா எடுத்துட்டாங்க?"

வேலையை விட்டு எடுக்கவில்லை. கணினிப் பிரிவிலிருந்து தூக்கிப் புகார்ப் பிரிவில் போட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை, ஒரு தொலைபேசி, ஒரு திரை. யார் வீட்டில் தண்ணீர் வராவிட்டாலும் முதல் வசவு அவளுக்கு.

"குழாயத் திறந்தா காத்துதாம்மா வருது. காத்துக்கும் சேத்துத்தான் பில் போடறீங்களா?"

"உங்க வீட்டுல வருதில்ல? அதான் உங்களுக்குத் தெரியல."

"அன்னிக்கு ஊரையே அடைச்சாங்களே, அந்தப் புண்ணியவதி இன்னும் அங்கதான் இருக்காங்களா?"

கடைசிக் கேள்விக்கு அவள், "தெரியலைங்க, உங்க தெரு எண்ணச் சொல்லுங்க" என்பாள்.

இதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். ஆனால் புகார்ப் பிரிவுக்குப் போன புதிதில், காய்ந்த துணியை எடுக்க ஒரு சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் சின்னவளின் குரல். அழுதுகொண்டே தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் அப்பவே சொன்னேனே சார்! காலியா வந்தா எல்லாத்தையும் மூடிடும், உடனே மாத்தணும்னு உங்ககிட்ட வந்து சொன்னேனே. அடுத்த தடவ பாத்துக்கலாம், வெளிய வாயத் திறக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க... இப்ப எங்க அக்கா தலையில விழுந்துடுச்சு சார்."

பெரியவள் துணிக்கொடியைப் பிடித்தபடி நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் சொன்னது தெரியாமல் சொன்னதாக இருக்கலாம். ஆனால் பிறகு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகும் எத்தனையோ காலை இரண்டு பேரும் ஒரே அடுப்பில் காபி போட்டுக் குடித்திருக்கிறார்கள். மாடிப்படி இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அக்கா, காலியா அனுப்பிடாதீங்க" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

துணியை எடுக்காமலே இறங்கிவிட்டாள். அன்று மழை வந்து எல்லாம் நனைந்தது.

அதிலிருந்து சின்னவளோடு பேச்சை நிறுத்தினாள். சின்னவள் எதிரிலேயே நின்றாலும், "அத்தை, மோட்டாரப் போட்டாச்சான்னு கேளுங்க" என்பாள். மாமியார் திரும்பி, "மோட்டாரப் போட்டாச்சாம்மா?" என்பார். "போட்டாச்சு அத்தை." "போட்டாச்சாம்." இப்படியே உப்பு, சர்க்கரை, வேலைக்காரம்மாவின் விடுமுறை எல்லாம் மாமியார் வழியாகவே போய் வந்தன. "எனக்கே கழுத்து சுளுக்கிக்கும்போல இருக்கு" என்று ஒருநாள் அவர் கத்தினார். பெரியவள் அசையவில்லை. ஒருமுறை சின்னவள் தானாகவே வந்து, "அக்கா, நான்..." என்று ஆரம்பித்தாள். பெரியவள் மிக்ஸியை ஓடவிட்டாள். அதில் எதுவும் இல்லை, வெறும் மிக்ஸிதான் ஓடியது.

உள்ளே கருவிக்கொண்டே இருந்தாள். பேருந்தில், குளிக்கும்போது, தொலைபேசியில் யாரோ திட்டிக்கொண்டிருக்கும்போது, எந்நேரமும் அதே நினைப்பு. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாலு பேர் முன்னால் தன்னைக் குனியவைத்தவள் அதே நாலு பேர் முன்னால் குனிய வேண்டும்.

வழி தானாக வந்தது. புகார்ப் பிரிவுத் திரையில் தெரு எண்களைக் கமா போட்டு அடித்தால் அந்தத் தெருக்களின் நிலை வரும். ஒருநாள் ஒரு கிழவர் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தார். அவசரத்தில் எண்ணை அடிக்குமுன் கமாவை மட்டும் அடித்துவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள். திரை ஒரு நொடி திகைத்தது. பிறகு நகரத்தின் அத்தனை தெருக்களும் வரிசையாக வந்து கொட்டின.

பெரியவள் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே அதைப் பார்த்தாள். கிழவர் திட்டுவது நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கணினிப் பிரிவில் இருந்தவள். என்ன நடந்தது என்று உடனே பிடிபட்டது. அந்த விபத்துக்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் பட்டியல் நுழையும் வாசலில் மட்டும் ஒரு காவல் போட்டிருந்தார்கள். வெற்றாக வந்தால் திருப்பி அனுப்பு என்று. ஆனால் ஒரு கமா வெற்று அல்லவே, அது ஓர் எழுத்து. காவல் அதை உள்ளே விட்டுவிடும். உள்ளே போனதும் ஜாவா அதைக் கமா இருக்கும் இடத்தில் வெட்டும். இந்தப் பக்கமும் ஒன்றுமில்லை, அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. அப்படி மிஞ்சும் காலித் துண்டுகளை அது தூக்கிப் போட்டுவிடும். கையில் நிற்பது ஒன்றுமில்லாத பட்டியல். ஒன்றுமில்லை என்றால் எல்லாம் என்கிற பழைய வரி அங்கேயே, தொட்டவர் இல்லாமல் கிடக்கிறது.

வால்வு மூடும் பக்கமும் இதே சர்வீஸ்தான். உடனே எழுந்து போய்ச் சரிசரியிடம் சொல்லியிருக்க வேண்டும். எழுந்தும் விட்டாள். அவர் அறை வரை போனாள். அவர் தலை நிமிராமலே, "என்னம்மா, சரி சரி, அப்புறம் வாங்க" என்றார். திரும்பிவிட்டாள். அப்புறம் போகவில்லை. வெறும் கமாவை யார் அனுப்பப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். சின்னவளும் இப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பாள் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. பார்த்த வேகத்தில் அதை விரட்டினாள்.

அவள் காத்திருந்த நாளும் வந்தது. வேறு நகரங்களின் குடிநீர் அதிகாரிகளுக்குத் தன் சர்வீஸைக் காட்டி வேலை பிடிக்கக் கம்பெனி ஏற்பாடு செய்திருந்தது. இடம், குடிநீர் அலுவலகத்தின் பெரிய கூடம். நாற்காலிகள் காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று சரிசரி எல்லாப் பிரிவு ஆட்களையும் வரச் சொன்னார். புகார்ப் பிரிவையும்.

கூடத்தின் முன்னால் ஒரு மாதிரி நகரம். மேசை அகலத்துக்குக் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாய்கள், பொம்மை வால்வுகள், ஒரு சின்னப் பம்பு. உள்ளே நீலச் சாயம் கலந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கிச் சொன்னது சின்னவள். இப்போது அவள் அந்தக் குழுவுக்கே தலைவி. நன்றாகத்தான் பேசினாள், முதல் கூட்டத்தில் பேசிய அதே நறுக்கு. ஓர் அதிகாரி இரண்டு எண்கள் சொன்னார். அடித்தாள். அந்த இரண்டு வால்வும் மூடிக்கொண்டன. கைதட்டினார்கள். இன்னொருவர் நான்கு எண்கள் சொன்னார். அதுவும் ஆயிற்று.

"வேற யாராவது பட்டியல் சொல்றீங்களா?" என்று சின்னவள் சிரித்த முகத்தோடு கூடத்தைப் பார்த்தாள்.

பின்வரிசையில் பெரியவள் எழுந்தாள். "நான் சொல்லலாங்களா மேடம்?"

சின்னவள் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே உறைந்தது. அவள் அக்கா அவளிடம் நேராகப் பேசி எவ்வளவோ காலமாயிற்று.

"சொல்லுங்க... க்கா."

"கமா."

"சரி, எண்?"

"எண் இல்லீங்க. வெறும் கமா."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சின்னவள் சிரிக்கவில்லை. விசைப்பலகைமேல் இருந்த விரல்கள் அப்படியே நின்றன. அவள் கண்கள் ஓரிடத்தில் நிலைத்து, உள்ளே எதையோ வரி வரியாகப் படித்துக்கொண்டு போவதைப் பெரியவள் பார்த்தாள். படித்து முடித்ததும் தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"இது... சரியான பட்டியல் இல்ல" என்றாள் சின்னவள், குரல் இறங்கி.

கோட்டுக்காரர் முன்னால் வந்தார். "அதனால என்னம்மா? தப்பா ஏதாவது வந்தா நம்ம சர்வீஸ் திருப்பி அனுப்பிடும். அதையும் காட்டு. போடு, போடு."

"சார், வேண்டாம்..."

"அட, போடும்மா!" என்று அவரே குனிந்து கமாவைத் தட்டி அனுப்பினார்.

டக் டக்கென்று அத்தனை பொம்மை வால்வும் மூடின. பம்பு நிற்கவில்லை. போக வழியில்லாத தண்ணீர் குழாய்க்குள் முட்டியது. ஓர் இணைப்பு விம்மியது, பிறகு பட்டென்று பிய்ந்தது. நீலத் தண்ணீர் பீய்ச்சி அடித்துக் கோட்டுக்காரருக்குக் கழுத்திலிருந்து இடுப்பு வரை அபிஷேகமாயிற்று. இரண்டு அதிகாரிகள் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்கள். பின்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும், வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் பொறியாளர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இதுவே நிஜ ஊர்ல நடந்தா என்ன ஆகும்?"

"நடந்துச்சுங்க மேடம்" என்றாள் பெரியவள். உட்காரவில்லை. "இதே ஊர்லதான். அப்ப வந்தது காலிப் பட்டியல், இப்ப கமா. வித்தியாசம் அவ்வளவுதான். காலியா அனுப்புங்க, ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குச் சொன்னது இதோ நிக்கறாங்களே, இவங்கதான். அப்புறம் சொல்லவே இல்லேன்னாங்க. தண்டனை எனக்கு."

கூடத்தில் அத்தனை தலைகளும் சின்னவள் பக்கம் திரும்பின. அவள் தலை குனிந்தது. பெரியவளுக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அந்தக் குனிவைக் கண்ணால் அளந்து, மனதில் வாங்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் எல்லாரும் கூடிவிட்டார்கள். யாரும் கூப்பிடாமலே.

"ஒரு வார்த்தை வீட்டுல சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றான் கொழுந்தன். "ஊர் முன்னால இப்படி மூக்க உடைக்கணுமா?"

"ஒரு வார்த்தையா?" பெரியவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த ஒரு வார்த்தைய அவ எனக்குச் சொன்னாளா? முன்னாடியே தெரியும் அவளுக்கு. மாடியில நின்னு கோட்டுக்காரர்கிட்ட போன்ல அழுதா, 'அப்பவே சொன்னேனே சார், நீங்கதானே வாயத் திறக்காதன்னீங்க'ன்னு. என் ரெண்டு காதால கேட்டேன்."

சின்னவள் சுவரோடு ஒட்டி நின்றாள். "அப்ப எனக்கு வேலை நிரந்தரமாகல அக்கா. வாயத் திறந்தா என்னத் தூக்கிடுவாங்கன்னு பயம்."

"அதுக்கு என்னத் தூக்கிக் குடுத்துட்டே."

மாமியார் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "அன்னிக்கு அவ சொன்னா. என் காதுல விழுந்துச்சு" என்றார். "ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கணுமேன்னு வாய மூடிக்கிட்டேன்."

"ரொம்பச் சந்தோஷம் அத்தை" என்றாள் பெரியவள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதோடு நின்றிருந்தால் வேறு கதை. குடிநீர் அலுவலகம் புதிதாக ஒரு விசாரணை வைத்தது. கண்ணாடி போட்ட அந்தப் பெண் பொறியாளரையே விசாரிக்க அழைத்தார்கள். கோட்டுக்காரர் பழி முழுவதையும் சின்னவள் தலையில் கட்டினார். பிழையைப் பற்றி அவள் தன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்றார். சின்னவள் சொன்னேன் என்றாள். ஆதாரம் கேட்டார்கள். அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

சின்னவள் கீழே இறங்கி வந்து, பெரியவள் அறை வாசலில் நின்றாள். கூடவே கொழுந்தனும்.

"அக்கா, அன்னிக்கு நான் போன்ல பேசினத நீங்க கேட்டீங்கல்ல? அத மட்டும் அங்க வந்து சொல்லுங்க. நான் செஞ்சது தப்புதான். ஆனா அவர் தப்பிச்சுக்கறார் அக்கா."

பெரியவள் தலையணை உறையை மாட்டிக்கொண்டிருந்தாள். மூலையைச் சரியாக இழுத்துவிட்டாள். "மாடிக்குத் துணி எடுக்க வந்தேன். காதுல ஒண்ணும் விழல."

"அண்ணி! நீங்களே எங்க முன்னாடி சொன்னீங்க!"

"வீட்டுல ஆயிரம் பேசுவோம். அதெல்லாம் ஆபீஸ்ல செல்லுமா? நீங்க எல்லாரும் சேந்துதானே எனக்குக் கத்துக்குடுத்தீங்க."

அன்று கணவன் அவளிடம் கெஞ்சினான். "நீ வேணும்னே பண்றே. உண்மைய மறைக்கறதும் பொய்தான்."

"அப்படியா? இத நீங்க அப்பவே உங்க அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே."



விசாரணை அறையில் பெண் பொறியாளர் நேராகக் கேட்டார். "இவங்க மேலதிகாரியோட போன்ல பேசினத நீங்க கேட்டதா சொல்றாங்க. உண்மையா?"

எதிரே சின்னவள். அவள் மேசையைப் பார்க்கவில்லை, பெரியவளையே பார்த்தாள். கெஞ்சலாகக்கூட இல்லை. என்ன சொல்லப் போகிறாய் என்று தெரிந்துகொள்ள மட்டும் பார்த்தாள்.

"இல்லைங்க மேடம். எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்ல."

சொல்லும்போது நாக்கு தடுமாறவில்லை. பல மாதமாகப் பழகி வைத்திருந்த வாக்கியம் மாதிரி சரளமாக வந்தது.

வெளியே தாழ்வாரத்தில் கோட்டுக்காரர் காத்திருந்தார். புதுக் கோட்டு. இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உண்மையச் சொன்னீங்க மேடம். உங்கள மாதிரி ஆளுங்கதான் வேணும். ரொம்ப நன்றி."

அவர் கை வழவழவென்று வியர்த்திருந்தது. பெரியவள் தன் கையை உதறிக்கொள்ளாமல் நடந்து போய்க் கழிப்பறையில் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு இன்னொரு தரம் கழுவினாள். இந்த ஆளையும் சேர்த்துக் குனியவைத்திருக்கலாம், ஒரே ஒரு வாக்கியம் போதும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்ல வழி இருந்தது. அறைக் கதவை இன்னும் சாத்தவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். சொன்னால் சின்னவளும் தப்பித்துவிடுவாளே. கையைத் துடைத்துக்கொண்டு புகார்ப் பிரிவுக்குப் போய்விட்டாள்.

சின்னவளின் வேலை போயிற்று. கோட்டுக்காரர் அப்படியே இருந்தார். சரிசரி பெரியவளைக் கூப்பிட்டு, பழைய இடத்துக்கே வரச் சொன்னார். அவள் செய்த முதல் காரியம், கம்பெனியை உட்காரவைத்து அந்தப் பழைய வரியைத் தன் கண் முன்னாலேயே எடுக்கவைத்தது. எண் இல்லாத பட்டியல் எந்த வேடத்தில் வந்தாலும் இனி ஒரு வால்வும் அசையாது. அந்த விஷயத்தில் அவள் பேரில் யாரும் குறை சொல்ல முடியாது.

கொழுந்தன் நகரத்தின் மறுகோடியில் வீடு பார்த்தான். சாமான் ஏற்ற வண்டி வந்தது. கட்டிலையும் பீரோவையும் மாடிப்படியில் திருப்பி இறக்க ஆட்கள் படாத பாடு பட்டார்கள். பெரியவள் சமையலறையில் நின்று வேலை ஆட்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். எண்ணி ஆட்களுக்கு மட்டும்.

எல்லாம் ஏறியபின் மாமியார் தன் அறையிலிருந்து பையோடு வந்தார்.

"நீங்க எங்கம்மா?" என்றான் கணவன்.

"அவ வேலயும் இல்லாம வீட்டுல தனியா உக்காந்திருப்பா. கொஞ்ச நாள் கூட இருக்கேன்."

"கொஞ்ச நாள்னா?"

மாமியார் பெரியவளைப் பார்த்தார். போகாதீங்க அத்தை என்று சொல்வாள் என எதிர்பார்த்தாரோ என்னவோ. பெரியவள் டீப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவள் வந்து பையை வாங்கிக்கொண்டாள். வாசலில் ஒரு கணம் நின்றவள், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மேல்தளத்துக்கு வாடகைக்கு ஆள் வைக்கலாம் என்று கணவன் இரண்டு மூன்று முறை சொன்னான். பார்க்கலாம் என்றே அவள் தள்ளிப்போட்டாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மட்டும் அம்மாவைப் பார்த்துவரப் போவான். அவள் கூட வருவதாகச் சொன்னதில்லை, அவனும் கூப்பிட்டதில்லை. பெரியவளுக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். செய்தது தப்பு என்று மட்டும் ஒருநாளும் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

மாமியார் வாரம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிடுவார். பெரும்பாலும் பெரியவள்தான் எடுப்பாள்.

"அவன் இருக்கானா?"

"இருக்காரு. இதோ குடுக்கறேன்."

கொடுத்துவிட்டு உள்ளே போவாள்.